எலுமிச்சையில் ஊறிய கோழி: ஒரு குடும்ப பார்பிக்யூவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் வடகிழக்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். தாயாருக்கு 75 வயது நிறைவதை டிசம்பரில் பாசிர் ரிஸ் பூங்காவில் பார்பிக்யூ வைத்துக் கொண்டாட மூன்று பிள்ளைகளும் முடிவு செய்தார்கள். உறவினர், அண்டை வீட்டார் எல்லாம் சேர்த்து 35 பேர். அவர்களில் இரண்டு குடும்பங்கள் முஸ்லிம்கள். அதனால் ஹலால் கோழி என்பதில் தொடக்கம் முதலே பேச்சே இல்லை. சமையல் பொறுப்பு மூத்த மகளுடையது, தீ மூட்டும் பொறுப்பு தம்பியுடையது, கடைக்குப் போவதும் கணக்கு வைப்பதும் தம்பி மனைவியின் வேலை.

தயிரில் ஊறிய தந்தூரி வேண்டாம், கடையில் வாங்கும் மசாலாப் பொட்டலமும் வேண்டாம், எலுமிச்சை மணக்கும் கோழிதான் வேண்டும் என்றார் தாயார். வயதான பிறகு காரம் ஒத்துக்கொள்வதில்லை, புளிப்பு மட்டும் இன்னும் நாக்குக்குப் பிடிக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். பிள்ளைகள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

நான் அதே புளோக்கில் இருப்பவள். மொத்தச் சமையல் செய்யும் உணவுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். முதல் ஒத்திகை சரிவராமல் போனதும் மூத்த மகள் தட்டை மூடி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அங்கிருந்து விருந்து முடியும் வரை கூட இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதல் ஒத்திகையில் கண்டது

ஒத்திகைக்கு எடுத்தது 1 கிலோ எலும்பில்லாத நெஞ்சுக்கறி, பேரங்காடியில் வாங்கிய உறைகோழி. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இந்த வீட்டில் உறைகோழிக்கு மாறினார்கள், பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கறியை உருக விட்டு, ஒட்டியிருந்த தண்ணீரைத் துடைக்காமல் அப்படியே மசாலாவில் போட்டிருக்கிறார்கள்.

மசாலா என்பது இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, 1 தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் எண்ணெய், அத்துடன் ஒரு கைப்பிடி கலமான்சி, அதாவது எலுமிச்சை போலப் புளிக்கும் சின்னஞ்சிறு பழம். பிழிய நேரமில்லை என்று கலமான்சியை இரண்டாக நறுக்கித் தோலும் விதையுமாக மிக்சியில் அடித்துவிட்டார்கள். அதற்கு மேல் எலுமிச்சைச் சாறும் ஊற்றி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் அலுமினியத் தட்டில் பரப்பி, இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் வைத்தார்கள்.

மறுநாள் தட்டைத் திறந்து பார்த்தேன். கறியின் மேற்பரப்பு வேக வைத்தது போல வெளுத்திருந்தது. அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீரைச் சாய்த்துப் பார்த்தபோது தட்டின் அடியில் சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தன. ஒன்றிரண்டு இடங்களில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டையும் விழுந்திருந்தது. ஒரு துண்டைக் கத்தியால் குறுக்கே வெட்டினேன். வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் வெள்ளை வளையம், உள்ளே பச்சைக்கறியின் இளஞ்சிவப்பு மாறவே இல்லை. வெள்ளைப் பகுதியை விரலால் தேய்த்தால் ஈரச் சுண்ணாம்பு போலப் பிசுபிசுவென்று உதிர்ந்தது.

தோசைக்கல்லில் போட்டதும் நீர் விட்டு, தன் நீரிலேயே வெந்தது. பொன்னிறம் வரவில்லை. சாப்பிட்டால் வெளியே மாவு மாதிரி, உள்ளே வறட்சி, உப்பும் சாரவில்லை. கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பும், இரும்பைத் தொட்டது போன்ற ஒரு வாடையும் தங்கின. "நல்லா ஊறினா நல்லா இருக்கும்னுதானே வச்சோம்" என்றார் மூத்த மகள். அந்த எண்ணம்தான் பல வீடுகளில் எலுமிச்சைக் கோழியைக் கெடுக்கிறது. ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஏன் இப்படி ஆனது

எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். கோழிக்கறியுடையது 6-ஐ ஒட்டி இருக்கும். அமிலம் பட்டதும் கறியிலுள்ள புரதத்தின் மடிப்புகள் குலைந்து ஒன்றோடொன்று இறுகுகின்றன. நெருப்பும் இதைத்தான் செய்கிறது, அதனால்தான் வெந்தது போல வெளுக்கிறது. ஆனால் அமிலம் வேக வைப்பதில்லை, கிருமியைக் கொல்லும் என்று நம்பவும் முடியாது. கறியின் பிஎச் 5.2 அளவுக்கு இறங்கும்போது புரதம் தண்ணீரைப் பிடித்து வைக்கும் திறன் ஆகக் குறைந்துபோகிறது. தட்டில் தேங்கிய நீரில் பெரும்பங்கு அப்படி வெளியேறியது. அமிலத்தோடு நேரடியாக ஒட்டிக் கிடந்த மேல்பரப்பு அதற்கும் கீழே இறங்கி, குழைந்து மாவாகிவிட்டது.

இரவு முழுக்க ஊறினால் புளிப்பு உள்ளே இறங்கும் என்பது உண்மையில்லை. அமிலம் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது, மசாலாவின் மணமும் அப்படித்தான். மெல்ல மெல்ல ஆழம் போகக்கூடியது உப்பு ஒன்றுதான். ஒரு கிலோவுக்கு 1 தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 6 கிராம் உப்பு போதாது. இரவெல்லாம் வேலை செய்ய வேண்டிய உப்பைக் குறைத்து, அரை மணி நேரம் போதும் என்ற சாற்றை இரவெல்லாம் விட்டிருந்தார்கள்.

கசப்புக்குக் காரணம் கலமான்சியின் தோலடி வெள்ளையும் விதையும். அவற்றில் உள்ள லிமோனின் என்ற கசப்புப் பொருள் அரைத்த உடனே தெரிவதில்லை. நேரம் ஆக ஆக அமிலத்தில் உருவாகிக் கூடிக்கொண்டே போகும். அரைத்த கையோடு ருசி பார்த்தபோது கசக்கவில்லை என்று தம்பி மனைவி சொன்னதற்கு இதுவே காரணம். அவர் சொன்னது சரிதான், காலையில்தான் அது கசந்திருக்கிறது.

இரும்பு வாடை அலுமினியத் தட்டிலிருந்து வந்தது. அலுமினியத்தின் மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தை அமிலமும் உப்பும் சேர்ந்து அரித்துவிடும். பொன்னிறம் வராததற்கு இரண்டு காரணங்கள்: மேற்பரப்பு நனைந்திருந்தது, அமிலம் நிறைந்த பரப்பில் சிவக்கும் வேதிவினையும் மெதுவாகத்தான் நடக்கும்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

இரண்டாவது ஒத்திகைக்குக் கறியையே மாற்றினோம். நெஞ்சுக்கறிக்குப் பதில் எலும்பு நீக்கிய தொடைக்கறி. அதில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம், கரியடுப்பில் ஒரு நிமிடம் கூடிப்போனாலும் வறண்டு போகாது. தேக்கா சந்தையின் ஹலால் கடையில் அன்று வெட்டிய கோழியாக வாங்கி, சமையல் காகிதத்தால் ஒற்றி ஈரம் எடுத்தோம்.

துண்டுகளை நான்கு பங்காக்கினோம். முதல் பங்குக்கு உப்பும் மசாலாவும் சாறும் எல்லாம் சேர்த்து இரவு முழுவதும். இரண்டாவதற்கு உப்பும் மசாலாவும் மட்டும் இரவு முழுவதும், சாறு சுடுவதற்கு அரை மணி நேரம் முன்பு. மூன்றாவதற்கும் அதே இரவு ஊறல், ஆனால் சாறு சுட்டு இறக்கிய பிறகு. நான்காவது தயிரும் எலுமிச்சைத் தோல் துருவலும். எல்லாவற்றையும் எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தோம், அலுமினியம் எதுவும் பக்கத்தில் வரவில்லை.

முதல் பங்கு பழைய கதையாகவே போனது, தொடைக்கறி என்பதால் வறட்சி மட்டும் சற்றுக் குறைவு. தயிர்ப் பங்கு மென்மையாக, நல்ல நிறத்தோடு வந்தது, ஆனால் அது தாயார் கேட்ட ருசி இல்லை. இரண்டாவதில் புளிப்பு கறியோடு ஒட்டியிருந்தது, மணம் மங்கல். மூன்றாவதில் மணம் அறை முழுக்க நிறைந்தது, ஆனால் புளிப்பு மேலோடு நின்றது.

இரண்டையும் தின்றுபார்த்துவிட்டு மூத்த மகள் சொன்னார்: "எலுமிச்சை ரசத்துக்கு அடுப்ப அணைச்சு எறக்கின பெறகுதானே பிழிவோம். இதுக்கு மட்டும் ஏன் மொதல்லயே ஊத்தினோம்?" அன்றைய முழு வேலைக்கும் அதுவே விடையாக அமைந்தது. எலுமிச்சையின் மணம் ஆவியாகிப் பறக்கும் எண்ணெயில் இருக்கிறது. சூடு பட்டால் போய்விடும். ரசத்துக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கும் நம் வீடுகளில் தலைமுறையாகத் தெரிந்த முறையைக் கரியடுப்புக்கும் கொண்டுவந்தால் போதும். சாற்றை இரண்டாகப் பிரித்தோம்: ஒரு பங்கு சுடுவதற்குச் சற்று முன், இன்னொரு பங்கு இறக்கிய சூட்டோடு.

1 கிலோ எலும்பில்லாத தொடைக்கறிக்கு நிலைத்த அளவு இது. முதல் நாள் இரவு 12 கிராம் தூள் உப்பு, அதாவது தலைதட்டிய 2 தேக்கரண்டி. பூண்டு 6 பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, பச்சை மிளகாய் 2, கொத்தமல்லித் தண்டு ஒரு பிடி, செராய் எனும் எலுமிச்சைப்புல் ஒரு தண்டின் வெள்ளைப் பகுதி, மிளகும் சீரகமும் அரை அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி. அத்துடன் 2 எலுமிச்சையின் பச்சைத்தோலை மட்டும் துருவிச் சேர்க்க வேண்டும். வெள்ளை தெரிந்ததும் துருவுவதை நிறுத்திவிட வேண்டும். தோலின் மணம் எண்ணெயில் கரைந்து நிற்கும், அமிலம் போலக் கறியைக் கெடுக்காது. மறுநாள் சுடுவதற்கு 30 முதல் 45 நிமிடம் முன்பு விதை வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 45 மில்லி. இறக்கியதும் கலமான்சி, பாதியாக நறுக்கியது, வேண்டியவர் வேண்டிய அளவு பிழிந்துகொள்ள. கலமான்சியை நடுவில் வெட்டாமல் சற்று ஓரமாக வெட்டினால் விதை ஒரு பக்கமே தங்கும், பிழிவது எளிது.

இன்னும் இரண்டு முடிவுகளில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பச்சைக்கறி ஊறிய மசாலாவைச் சுடும்போது மேலே தடவக் கூடாது. தடவுவதற்கென்று எண்ணெயும் பூண்டும் தனியாக ஒரு புட்டியில் எடுத்து வைத்தோம். அடுத்தது வெப்பமானி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி வேகமாகப் பெருகும், சமைக்கும் உணவின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் அறிவுரை. வெளிச்சம் மங்கிய பூங்காவில் கறியின் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல யாராலும் முடியாது. "எங்கப்பா காலத்துல வெப்பமானி வச்சா சுட்டாங்க?" என்று தம்பி கேட்டார். 35 பேரில் முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகு அவரே போய் ஒன்று வாங்கி வந்தார்.

சாற்றை எப்போது ஊற்றுவது என்பதில் ஒரு சிறு விவாதம் நடந்தது. பூங்காவுக்குக் கிளம்பும்போதே ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றார் தம்பி மனைவி. வீட்டிலிருந்து பூங்கா, பூங்காவில் பிட் எனும் கரியடுப்பு மேடை வரை சுமை, அங்கே தீ பிடிக்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் கரியைப் பார்ப்பது என்று முடிவானது: கரியின் மேல் பாதிக்குச் சாம்பல் பூத்த பிறகுதான் சாறு.

விருந்து நாள்

7 கிலோ தொடைக்கறியும், பிள்ளைகளுக்கென்று 2 கிலோ கோழிக்காலும். எல்லாம் உப்பு மசாலாவோடு ஸிப் பைகளில், ஐஸ் பெட்டியின் அடியில். சாறு தனியே இரண்டு கண்ணாடிப் புட்டிகளில். காய்கறிக்கு, சோளத்துக்கு, டோஃபுவுக்கு வேறு பெட்டி, வேறு இடுக்கி, வலையிலும் தனி இடம். சைவம் சாப்பிடும் இரண்டு பெரியவர்கள் இருந்ததால் இதில் மூத்த மகள் மிகக் கவனமாக இருந்தார். கம்பி வலையும் கரியும் நாங்களே கொண்டு போனோம்.

தம்பி கரியை மூட்டி, நெருப்பு பிடிக்கத் தொடங்கிய நேரத்தில் கடல் பக்கமிருந்து மழை வந்தது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இங்கே இப்படித்தான், மேகம் கறுப்பதற்கும் கொட்டுவதற்கும் இடைவெளி இருக்காது. எல்லாரும் கூரைக்கு ஓடினோம். கரி நனைந்து அணைந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மழை விடவில்லை.

சற்று முன்புதான் தம்பி "அக்கா, தீ பத்த வச்சாச்சு, சாறு ஊத்தலாமா?" என்று குரல் கொடுத்திருந்தார். "கரி சாம்பல் பூக்கட்டும்டா" என்று அக்கா மறுத்ததால் புட்டி மூடியபடியே இருந்தது. அப்போது ஊற்றியிருந்தால், மழை விட்டு, ஈரக் கரியை ஒதுக்கிப் புதுக் கரி மூட்டி, முதல் துண்டு வலையில் ஏறுவதற்குள் கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் அமிலத்தில் கிடந்திருக்கும். உப்பில் இருந்த கறிக்கு அந்தத் தாமதத்தால் எந்தக் கேடும் இல்லை. பெட்டியில் ஐஸ் பாதிக்கு மேல் கரையாமல் இருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

மழை விட்டதும் கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கம் வெறுமையாக விட்டோம். கரிக்கு மேல் நிறம் ஏறும், காலிப் பக்கத்தில் நிதானமாக வேகும். தொடைக்கறி இந்த முறையில் நன்றாக வந்தது. ஓரம் மொறுமொறுவென்று சிவந்தது, நடுவில் வெப்பமானி 80-ஐத் தொட்டதும் எடுத்தோம். 75-ல் பாதுகாப்பு வந்துவிடும், தொடைக்கறியின் இணைப்புத் திசு இளகி மென்மையாக இன்னும் சற்று வேண்டும்.

கோழிக்கால்தான் கைவிட்டது. மூத்த மகளின் கணவர் பிள்ளைகளுக்கு இனிப்பாக இருக்கட்டும் என்று ஆரஞ்சுச் சாறும் தேனும் கலந்து கால்களில் பூசி, நேராகக் கரிமேல் வைத்துவிட்டார். ஆரஞ்சிலும் தேனிலும் உள்ள சர்க்கரை கருகுவதற்கு நேரம் பிடிக்கவில்லை. தோல் கறுத்துச் சொட்டிய கொழுப்பில் தீ எழும்பியபோது, எலும்பை ஒட்டி வெப்பமானி 60-ஐக் கூடக் காட்டவில்லை. "அத்தான், அந்தப் பக்கம் தள்ளுங்க, கருகினத நான் உரிச்சுக்கிறேன்" என்று தம்பி எல்லாவற்றையும் காலிப் பக்கத்துக்கு நகர்த்தி, மேலே தட்டைக் கவிழ்த்து மூடினார். 75 வர ஏறக்குறைய அரை மணி நேரம் பிடித்தது. பசியோடு நின்ற பிள்ளைகளுக்கு அதுவரை தொடைக்கறியைச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தோம்.

பின்விளைவு

தொடைக்கறி முழுதும் தீர்ந்தது. யாருக்கும் வயிற்றுக்கோளாறு இல்லை என்று மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வாட்ஸ்அப்பில் கேட்டு உறுதி செய்தார் தம்பி மனைவி. இந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன், பலர் செய்வதில்லை.

பிறந்தநாள் கண்ட தாயாருக்குப் புளிப்பு போதவில்லை. கலமான்சியைத் தன் தட்டில் மூன்று முறை பிழிந்துகொண்டார். மேசையில் பிழிய வைத்ததால் அவருக்குப் பிடித்த அளவு அவருக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்கும் அது தொந்தரவாகவில்லை. ஊறலிலேயே அவர் விருப்பத்துக்குப் புளிப்பை ஏற்றியிருந்தால் பாதிப்பேர் ஒதுக்கியிருப்பார்கள். நறுக்கிய சின்ன வெங்காயத்தில் உப்பும் சாறும் விட்டுப் பக்கத்தில் வைத்தது முதலில் காலியானது.

கால்களில் நான்கைந்து மிஞ்சின. சமைத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தவற்றை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லிக் குப்பையில் போடச் சொன்னேன். மூத்த மகளுக்கு மனம் வரவில்லை, ஆனாலும் போட்டார்.

இனி மாற்றுபவை

அடுத்த விருந்து புத்தாண்டு முடிந்து, பொங்கலை ஒட்டி. அதற்கு எழுதி வைத்திருக்கும் மாற்றங்கள் இவை. எலும்புள்ள கோழிக்காலை ஒன்று விட்டுவிடுவது, அல்லது எலும்பு வரை கீறி வீட்டு அடுப்பில் முழுதாக வேக வைத்து, ஆறவிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, பூங்காவில் நிறம் ஏற்ற மட்டும் சுடுவது. பாதி வேக வைத்து எடுத்துப் போவது கூடாது, பாதி வெந்த கறி கிருமிக்கு ஏற்ற சூட்டில் நெடுநேரம் கிடக்கும். ஆரஞ்சு, தேன் பூச்சு வேண்டுமென்றால் உள்ளே 70 டிகிரி தாண்டிய பிறகு, கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில்.

பச்சைக்கறியைத் தொடும் கை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். மழைக்குப் பின் வந்த அவசரத்தில் ஒருமுறை பச்சைக்கறி எடுத்த இடுக்கியாலேயே வெந்ததை எடுக்கப் போனார்கள், பக்கத்தில் இருந்த சிறுமி பார்த்துச் சொன்னாள். அடுத்த முறை இடுக்கிகளில் சிவப்பு, பச்சை நாடா கட்டுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.

கலமான்சியை வாங்கிய அளவில் பாதியே மேசைக்கு வந்தது, மீதியை யாரோ சுடுநீர் பானத்தில் பிழிந்துவிட்டார்கள். அடுத்த தடவை மேசைக்கென்று ஆளுக்கு 2 பழம் எண்ணித் தனிப் பையில் போட்டு வைக்க வேண்டும் என்று தம்பி மனைவி தன் கணக்கு நோட்டில் குறித்திருக்கிறார். தயிரும் எலுமிச்சைத் தோலும் கலந்த நான்காவது பங்கை மூத்த மகள் மறக்கவில்லை, வீட்டு அடுப்பில் நெஞ்சுக்கறிக்கு அதைத்தான் இப்போது செய்கிறார்.